திரையேறாத அச்சுக்கூடம்

பத்திரிகைத் தொழிலின் பழைய காலத்தைப் பொருளாகக் கொண்ட சரித்திர நாடகங்களையும் திரைப்படங்களையும் மதிப்பிடப் புகுவோர்க்கு ஒரு விசித்திரமான சங்கடம் நேர்வதுண்டு. நடிகர்களின் உடை காலத்துக்குப் பொருந்தியிருக்கும். மேஜையும் மைக்கூடும் சுவர்க் கடிகாரமும் அந்தந்த இடத்தில் அமைந்திருக்கும். வசனம் பிழையின்றி ஓடும். ஒளியும் நிழலும் கண்ணுக்கு இதமாகக் கலந்திருக்கும். இன்ன இடத்தில் இன்ன குற்றம் என்று சுட்டிக்காட்ட ஒன்றும் அகப்படாது. ஆயினும் கொட்டகையை விட்டு வெளியே வந்து, பார்த்தவற்றுள் மனத்தில் தங்கியது யாது என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டால், விடை எளிதில் வருவதில்லை. குறை காணமுடியாத ஒரு படைப்பு நிறைவையும் தராமற் போவதற்குக் காரணம் என்ன என்பது ஆராயத்தக்க விஷயம்.

நான் கண்ட காரணம் இது: இத்தகைய நாடகங்கள் பத்திரிகை என்பதை ஆசிரியன் ஒருவனுடைய வாக்குச் சாதுரியமாகவே கருதுகின்றன. அவன் எழுதுகிறான், அதிகாரிகள் சினக்கிறார்கள், அவன் அஞ்சாது நிற்கிறான், கதை முடிகிறது. அவன் எழுதியதை எழுத்தெழுத்தாகக் கோத்தவன் யார், அதன்கீழ் தன் பெயரைப் பதிந்து சட்டத்துக்குப் பொறுப்பாளியானவன் யார், அதை ரயிலிலும் தபாலிலும் கொண்டு சேர்த்தவன் யார், எழுத்தறியாத ஜனங்களுக்கு அதை உரக்கப் படித்துக் காட்டியவன் யார் என்னும் கேள்விகள் அந்த நாடகங்களுக்குள் புகுவதேயில்லை. பத்திரிகையின் சரித்திரமோ பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்குரிய விடைகளால் ஆனது. இதை உணர்வதற்குச் சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்த பெரிய காரியாலயங்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. வைப்பாற்றங்கரையில் உள்ள சாத்தூரையும் அதைச் சூழ்ந்த கரிசற் சீமையையும் கவனித்தாலே போதும். பேனாவின் முனையையும் அச்சின் மையையும் நாடக மேடையையும் ஒருங்கே அறிந்த சீமை இது.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் ரயில்பாதை 1876இல் திறக்கப்பட்டது. விருதுபட்டி, சாத்தூர், கோவில்பட்டி, மணியாச்சி என்று வடக்கிலிருந்து தெற்காக நீளும் அப்பாதை பருத்தி மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் வழியாக விளங்கியது. ஆனால் வடக்கிலிருந்து வந்த வண்டிகள் வேறொன்றையும் கொண்டுவந்தன. சென்னையில் அச்சான பத்திரிகைகள் தபாற் பைகளில் அடைபட்டு இந்த ஸ்டேஷன்களில் இறங்கின. சாத்தூர் ஸ்டேஷனில் வெள்ளரிப் பிஞ்சு விற்போரும் காராச்சேவு விற்போரும் பிரயாணிகளிடையே பெயர் பெற்றவர்கள். சேவு மடித்துக் கொடுத்த பழைய காகிதத்தைக்கூட எறிந்துவிடாமல் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் வாழ்ந்த ஊர்கள் இவை. அக்காலத்தில் ஒரு பத்திரிகைப் பிரதி ஒருவருக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. கடைத்திண்ணையில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்பது வழக்கம். படிப்பவர் இடையிடையே நிறுத்தி விளக்கம் சொல்வார். கேட்போர் எதிர்வினா எழுப்புவர். அச்சான செய்தி அங்கே வாய்மொழியாக மாறி ஊர்ப் பொதுவாகிவிடும். விருதுபட்டியில் பள்ளிப்படிப்பை இடையில் விட்டுத் தாய்மாமன் துணிக்கடையில் அமர்ந்த காமராஜரை அரசியலின்பால் ஈர்த்தவற்றுள் பத்திரிகைச் செய்தியும் ஒன்று என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். விருதுபட்டி 1923இல் விருதுநகர் என்று பெயர் மாறிற்று. பின்னாளில், 1957இலும் 1962இலும், அவரைச் சட்டசபைக்கு அனுப்பிய தொகுதி சாத்தூரேயாகும்.

ரயில்பாதை திறந்த அதே 1876ஆம் ஆண்டில்தான் சர்க்கார் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் பிறப்பித்தது என்பதையும், அதற்கு இரண்டாண்டு கழித்து, 1878இல், சுதேச பாஷைப் பத்திரிகைகளை அடக்கும் சட்டம் வந்தது என்பதையும் ஒருசேர நினைத்துப் பார்க்கவேண்டும். மேடையையும் பத்திரிகையையும் ஒரே கண்ணால் பார்த்தவர்கள் ஆள்வோரே. இரண்டும் ஜனங்களின் செவியில் ஒரே காரியத்தைச் செய்கின்றன என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். பாஷைப் பத்திரிகைச் சட்டம் 1882இல் ரத்தாயிற்று. அதே 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் சென்னையில் ‘சுதேசமித்திரன்’ பத்திரிகையைத் தொடங்கினார். அவ்வாண்டு டிசம்பரில் கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதி பிறந்தார். அப்பொழுது சாத்தூர்த் தாலுகாவும் எட்டயபுரம் ஜமீனும் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. 1910இல் இராமநாதபுரம் ஜில்லா அமைந்தபொழுதுதான் சாத்தூர் அதனுள் சேர்ந்தது. ஆதலால் பாரதியை நம் பக்கத்துப் பிள்ளை என்று இச்சீமையார் உரிமை பாராட்டுவது நியாயமே.

மதுரைச் சேதுபதி உயர்தரப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதியை 1904இன் இறுதியில் சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திரன்’ காரியாலயத்துக்கு உதவியாசிரியராக அழைத்துக்கொண்டார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை கவிதை இயற்றும் வேலையன்று. இங்கிலீஷில் வந்து குவியும் தந்திகளையும் பிரசங்கங்களையும் அன்றன்றைக்கே தமிழாக்கித் தரவேண்டிய கடினமான உழைப்பு அது. ருஷியாவிலும் ஜப்பானிலும் வங்காளத்திலும் நிகழ்ந்தவற்றைக் கிராமத்தான் ஒருவனுக்குப் புரியும்படி சொல்லவேண்டும், அதற்கு முன்மாதிரி இல்லை, அச்சுக்கூடம் காத்திருக்கிறது. பாரதியின் வசனத்தில் பிற்காலத்தில் நாம் வியக்கும் தெளிவும் வேகமும் இந்த நிர்ப்பந்தத்தில் பழுத்தவை. 1906 மே மாதத்தில் ‘இந்தியா’ என்னும் வாரப் பத்திரிகை சென்னையிலிருந்து புறப்பட்டது. மண்டயம் குடும்பத்தார் அதற்குப் பொருளும் துணையும் அளித்தனர், எழுத்து பாரதியுடையது. சிவப்புக் காகிதத்தில் அச்சான அப்பத்திரிகைதான் அரசியல் கேலிச்சித்திரத்தைத் தமிழ் வாசகர்க்கு முதன்முதலாக வழங்கியது என்பர். எழுதப் படிக்கத் தெரியாதவனும் படத்தைப் பார்த்துப் பொருள் உணரலாம் என்ற எண்ணம், திண்ணையில் கூடியிருந்து பத்திரிகை கேட்ட ஜனங்களை அறிந்த ஒருவருக்குத்தான் தோன்றும்.

இனி நாடகாசிரியர்கள் கடந்துபோகும் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்திரிகை நடத்துவோர் அதை அச்சிடுபவர், பிரசுரிப்பவர் யார் என்பதை மாஜிஸ்திரேட்டின்முன் உறுதிமொழியாக எழுதிக் கொடுக்கவேண்டும். ‘இந்தியா’வுக்கு அவ்வாறு சட்டப்பொறுப்பை ஏற்றுப் பெயர் கொடுத்தவர் மு. சீனிவாசன் என்பவர். 1908ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தமும், மார்ச்சில் வ. உ. சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா ஆகியோர் கைதானமையும், அதையொட்டித் திருநெல்வேலியில் எழுந்த கொந்தளிப்பும் நிகழ்ந்தன. ஜூலையில் நீதிபதி பின்ஹே பிள்ளையவர்களுக்குக் கொடிய தண்டனையை விதித்தார். ஜூன் மாதத்திலேயே, வன்முறையைத் தூண்டும் பத்திரிகையின் அச்சுக்கூடத்தைப் பறிமுதல் செய்ய இடங்கொடுக்கும் புதுச் சட்டமும் வந்துவிட்டது. ஆகஸ்டில் ‘சுதேசமித்திரன்’ சுப்பிரமணிய ஐயர் கைது செய்யப்பட்டார். ‘இந்தியா’வின்மீதும் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. ஆனால் சட்டத்தின் கண்ணுக்குப் புலனான ஆசிரியர் பாரதி அல்லர், சீனிவாசன். அவரே கைதாகி, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நண்பர்கள் வற்புறுத்தியபடி பாரதி பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்குச் சென்றார். அச்சுக்கூடமும் அங்கே போய்ச்சேர்ந்தது. 1908 அக்டோபர் முதல் 1910 மார்ச் வரை ‘இந்தியா’ அங்கிருந்து வெளிவந்து, பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையத் தடைப்பட்டமையால் நின்றது.

இந்தச் சம்பவத்தை நினைக்குந்தோறும் என் மனம் கனக்கிறது. பாரதியின்மேல் பழி சுமத்த நான் எண்ணவில்லை. அவர் சிறைப்பட்டிருந்தால் புதுச்சேரியில் பிறந்த அரிய நூல்கள் தமிழுக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. அவரைக் காத்த நண்பர்கள் தமிழையே காத்தவராவர். ஆனால் அந்தக் காப்புக்கு ஒருவர் தம் யௌவனத்தின் ஐந்தாண்டுகளை விலையாக எழுதிக்கொடுத்தார் என்பதும் உண்மை. எழுதிய கை தப்பிற்று. கையெழுத்திட்ட கைக்கு விலங்கு விழுந்தது. எழுதியவனுக்குப் புகழும் பெயர் கொடுத்தவனுக்குச் சிறையும் என்றமைந்த இவ்விபரீதத்தைவிடச் சிறந்த நாடகப் பொருள் எது? கூண்டில் நிற்கும் சீனிவாசன் ‘எழுதியவன் நானல்லன்’ என்று சொன்னால் என்ன நேரும், சொல்லாவிட்டால் என்ன நேரும். புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கும் ஆசிரியன் நெஞ்சில் ஒவ்வொரு வாரமும் புதிய இதழை எழுதும்பொழுது என்ன ஓடியிருக்கும். இவற்றுள் ஒன்றைத் தொட்டாலும் பத்திரிகைத் தொழிலின் தர்மசங்கடம் முழுவதும் மேடைக்கு வந்துவிடும்.

நம் திரைப்படங்கள் இதை என்ன செய்தன? பி. ஆர். பந்துலு 1961இல் வெளியிட்ட ‘கப்பலோட்டிய தமிழன்’ ம. பொ. சிவஞானம் அவர்களின் நூலைத் தழுவியது. சிவாஜி கணேசன் சிதம்பரம் பிள்ளையாகவும், எஸ். வி. சுப்பையா பாரதியாகவும், டி. கே. சண்முகம் சுப்பிரமணிய சிவாவாகவும் தோன்றினர். செக்கிழுக்கும் காட்சியில் சிவாஜி கணேசன் காட்டிய மெய்ப்பாடு எவரையும் உருக்கும். அப்படத்துக்கு நான் செலுத்தும் மரியாதை குறைந்ததன்று. ஆயினும் பத்திரிகை என்ற ஓர் அளவுகோலை மட்டும் வைத்து நோக்கினால், அதில் வரும் பாரதி பாடுகிறவராக நம் நினைவில் நிற்கிறாரேயன்றி, பிரதி திருத்துகிறவராக, தந்தி மொழிபெயர்க்கிறவராக, அடுத்த இதழுக்குக் காகிதம் வாங்கப் பணமின்றித் தவிக்கிறவராக நிற்பதில்லை. மேலும் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் ஏற்ற பாத்திரங்களைச் சார்ந்து ஒரு காதற்கதை நுழைந்தமையால், சரித்திரத்துக்குரிய நேரத்தில் ஒரு பங்கு அதற்குச் செலவாயிற்று. ஞான ராஜசேகரன் இயக்கி 2000இல் வந்த ‘பாரதி’ இன்னும் நுண்ணிய கலையுணர்வோடு அமைந்தது. சாயாஜி ஷிண்டேயின் கண்களில் ஒரு கனல் இருந்தது. தேவயானி ஏற்ற செல்லம்மாவின் மௌனம் பேசிற்று. தமிழுக்குரிய தேசிய விருது அதற்குக் கிடைத்ததும் பொருத்தமே. அங்கும் கவிஞனுடைய வறுமையும் கொள்கைப் பிடிவாதமும் முன்னே வர, பத்திரிகையாசிரியன் பின்னே ஒதுங்கிவிடுகிறான். இரண்டு படங்களையும் பலமுறை பார்த்தோரிடம் சீனிவாசன் யார் என்று கேட்டால் அநேகமாக விழிக்கிறார்கள். அது பார்த்தவர்களின் குற்றமன்று.

மேல்நாட்டார் எடுப்பனவும் இக்குறையினின்று தப்பவில்லை. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2017இல் அளித்த ‘தி போஸ்ட்’ என்னும் படத்தை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். வியட்நாம் யுத்தத்தைப் பற்றி அமெரிக்க சர்க்கார் மறைத்துவைத்த ஆவணங்கள் 1971 ஜூன் மாதத்தில் பத்திரிகைகளில் வெளியான வரலாறு அது. மெரில் ஸ்ட்ரீப் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் உரிமையாளரான காதரின் கிரஹாமாகவும், டாம் ஹாங்ஸ் ஆசிரியர் பென் பிராட்லியாகவும் நடித்தனர். தொழில்நேர்த்தியில் அணுவளவும் குறைவில்லை. ஈய எழுத்துக்கள் வார்க்கப்படுவதையும் இயந்திரங்கள் உருள்வதையும் அழகுறக் காட்டினார்கள். ஆனால் அந்த ஆவணங்களை முதலில் வெளியிட்டது நியூயார்க் டைம்ஸ். அவற்றை இரகசியமாகப் பிரதியெடுத்து, நீண்ட சிறைவாசத்தை எதிர்நோக்கித் துணிந்து கொடுத்தவர் டானியல் எல்ஸ்பர்க். ஜூன் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பத்திரிகைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. படமோ கதையின் பாரத்தை எல்ஸ்பர்க்கின் தோளிலிருந்து எடுத்து, செல்வர் வீட்டுக் கூடத்தில் நிகழும் யோசனைகளின்மேல் வைக்கிறது. கிரஹாம் அம்மையாரின் துணிவு மெய்யானதே. ஒரு பெண் தனித்து நின்று முடிவெடுத்த பெருமையைக் குறைக்கலாகாது. எனினும் அபாயத்தை அதிகமாகச் சுமந்தவன் ஓரமாகவும் குறைவாகச் சுமந்தவர் நடுவிலும் நிற்கும் அமைப்பு, சென்னையில் ‘இந்தியா’வுக்கு நிகழ்ந்ததன் மறுபதிப்பாகவே எனக்குத் தோன்றுகிறது. காட்சியில் உருளும் இயந்திரம் அலங்காரமாக நின்றுவிடுகிறது. அதை உருட்டும் ஆட்களின் முகம் நமக்கு அறிமுகமாவதில்லை.

அச்சுத்தொழிலின் உள்ளே புகுந்து பார்த்தவர்க்கு இந்த அலங்காரம் திருப்தி தராது. தமிழ் அச்சுக்கோப்பு எத்தனை கடினமானது என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். தமிழுக்கு 247 எழுத்துக்கள் என்பது இலக்கணக் கணக்கு. உகர ஊகார உயிர்மெய்கள் ஒவ்வொன்றும் தனி வடிவமாகவும், கொம்பும் காலும் வேறு துண்டுகளாகவும், வடமொழிச் சொற்களுக்குரிய கிரந்த எழுத்துக்கள் அவற்றோடு சேர்ந்தும், அச்சுக்கோப்பவனின் முன்னுள்ள கேஸ் எத்தனையோ அறைகளாகப் பிரிந்திருக்கும். ஈயமும் ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்த அந்தச் சிறு துண்டுகளை, இடவலம் மாறிய முகத்தோடு, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வரியாக்கி, வரிகளைப் பக்கமாக்கி, புரூஃப் எடுத்துப் பிழை திருத்தி, அச்சிட்டு முடிந்ததும் மறுபடி அத்தனையையும் பிரித்து அதனதன் அறையிற் போடவேண்டும். ஆசிரியன் ஒரு நாழிகையில் எழுதியதைக் கோக்க அரைநாள் பிடிக்கும். பாரதியின் காலத்துப் பத்திரிகையில் ணா, றா, னா என்பவையும் ணை, லை, ளை, னை என்பவையும் பழைய சுழித்த வடிவிலேயே இருந்தன. இப்பொழுது வழங்கும் வடிவம் 1978ஆம் ஆண்டு அரசாணையால் வந்தது. சரித்திரப் படம் எடுப்போர் சட்டையின் பொத்தானில் செலுத்தும் கவனத்தில் ஒரு பங்கை இந்த எழுத்துவடிவில் செலுத்தினாற்கூட, அந்தக் காலத்தின் கை வேலை நம் கண்முன் வந்துவிடும்.

இவற்றைச் சாத்தூர்ச் சீமையார் சொல்லுவதற்குத் தனி உரிமை உண்டு. பேனா நிப் செய்வது சாத்தூருக்குப் பெயர் தந்த கைத்தொழில்களுள் ஒன்று. சிறு பட்டறைகளில் உலோகத் தகட்டை வெட்டி, வளைத்து, நுனியைப் பிளந்து, தேய்த்து மெருகேற்றி, ஆயிரமாயிரமாக வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். பந்துமுனைப் பேனா பரவியபின் அத்தொழில் தேய்ந்தது. தேசத்தில் யார் யாரோ எழுதிய எழுத்துக்கு முனை செய்து கொடுத்தவர்கள், தங்கள் பெயரை எங்கும் எழுதிவைக்காமலே வாழ்ந்தார்கள். பக்கத்திலுள்ள சிவகாசியின் கதையும் இதனோடு இணைந்தது. அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று 1923இல் திரும்பி, மழை பொய்த்து வறண்ட ஊரில் அதை நிலைநாட்டினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது; லேபிளுக்காக அச்சுத்தொழில் வந்தது; கல்லிலே வரைந்து, நிறத்துக்கொரு கல்லாக மாற்றி அச்சிடும் லித்தோ முறை வேரூன்றியது; பட்டாசுத் தொழிலும் உடன் வளர்ந்தது; லேபிளிலிருந்து காலண்டருக்கும், காலண்டரிலிருந்து டயரிக்கும் சுவரொட்டிக்கும் அச்சுத்தொழில் விரிந்து, தேசத்தின் சுவர்களையெல்லாம் நிறைத்தது. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிவந்து கோவில்பட்டியில் நிலைத்துத் தங்கிய ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி, லட்சக்கணக்கான வீடுகளின் பூஜையறையில் இடம்பெற்றன. ஆகவே மெருகு என்பது இச்சீமைக்கு அந்நியமான வஸ்துவன்று. அதைச் செய்து விற்றுப் பிழைத்தவர்கள் நாங்கள். நிப்பின் மெருகு கண்ணுக்கு அழகாயிருந்தாலும், நுனியின் பிளவு சரியாக அமையாவிட்டால் மை இறங்காது என்பதை எங்கள் பட்டறைக்காரர்கள் அறிவார்கள். சரித்திர நாடகத்துக்கும் அந்த நுனி வேண்டும்.

மெருகு சிறிதும் இல்லாமல், ஆனால் மை நிறைய இறங்கிய ஒரு நாடகக் கலையும் இச்சீமையில் தோன்றியதுண்டு. சிவகாசியில் 1886இல் பிறந்த விஸ்வநாததாஸ் என்னும் நடிகரைச் சொல்கிறேன். அவர் ஏற்ற வேஷங்கள் புராண வேஷங்கள். முருகனாகவும் கோவலனாகவும் மேடையேறுவார். ஆனால் கதைக்கிடையே அன்றைய செய்தி பாட்டாகப் புறப்படும். பஞ்சாபில் நடந்த படுகொலையும் கதரும் ஒத்துழையாமையும் வள்ளி திருமணத்துக்குள் நுழைந்துவிடும். சர்க்காரின் கண்ணில் அது புராணமாகவும் தோன்றாது, நாடகமாகவும் தோன்றாது. தடையுத்தரவோடு போலீஸார் கொட்டகை வாயிலில் காத்திருப்பார்கள். பாடி முடித்தபின் அவர் பலமுறை சிறைபுகுந்தார். மருத்துவர் குலத்திற் பிறந்தவர் என்ற காரணத்தால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தோரும் இருந்தனர். அந்த அவமானத்தையும் தாங்கிக்கொண்டு மேடையை விடாது பற்றியிருந்தார். 1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னையில், முருகன் வேஷத்தில், மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது. திண்ணையில் பத்திரிகையை உரக்கப் படித்தவன் செய்த காரியத்தைத்தான் இவர் ஆயிரம் பேர் கூடிய கொட்டகையில் செய்தார். எழுத்தறியாதவர்களுக்கு இவர் குரலே பத்திரிகை. 1876ஆம் ஆண்டுச் சட்டமும் 1878ஆம் ஆண்டுச் சட்டமும் அஞ்சியது ஒரே பொருளைக் கண்டுதான் என்பது விஸ்வநாததாஸின் வாழ்க்கையில் விளங்குகிறது.

அவருடைய மேடையையும் இன்றைய சரித்திரப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேற்றுமை தெளிவாகும். விஸ்வநாததாஸின் நாடகத்தில் காலப்பொருத்தம் என்பதே கிடையாது. வள்ளியைத் தேடிவரும் முருகன் கதராடையைப் பற்றிப் பாடுவது சரித்திர உணர்ச்சிக்கு முற்றும் விரோதம். ஆனால் பாடுகிறவன் தன் உடலைப் பணயம் வைத்துப் பாடினான். கேட்கிறவனும் போலீஸ்காரன் பார்க்கக் கேட்டான். செய்தி என்பது விலை கொடுத்துப் பெறுவது என்ற உண்மை கொட்டகை முழுவதும் பரவியிருந்தது. இன்றைய படத்தில் ஒவ்வொரு பொருளும் காலத்துக்குப் பொருந்தும். ஆனால் பத்திரிகைக்கு யாரும் கொடுத்த விலை தெரியாது. வெற்றி பெற்றுவிட்ட ஒரு கொள்கையை, அது வென்ற பிறகு, ஆபத்து ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து போற்றுகிறார்கள். போற்றுவது பிழையன்று. ஆனால் அன்று அது வெல்லுமா தோற்குமா என்று தெரியாமல் இருந்தவர்களின் நடுக்கத்தை நமக்குத் தரவேண்டியது சரித்திர நாடகத்தின் முதற்கடமை. அதைச் செய்யாமல் போற்றுதல் மட்டும் செய்தால் அது விழாமேடைப் பிரசங்கமாக முடியும்.

ஆதலால் பத்திரிகையைப் பற்றிய சரித்திரப் படம் ஒன்றை மதிப்பிட நேரும்பொழுது மூன்று கேள்விகளைக் கேட்கலாம் என்பது என் அபிப்பிராயம். முதலாவது, சட்டத்தின்முன் பெயர் கொடுத்தவன் யார், அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதை அது காட்டுகிறதா? 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் புதிதாக அச்சுக்கூடம் வைப்போரிடம் 500 ரூபாய் முதல் 2000 ரூபாய் வரை ஜாமீன் கேட்டது. அக்காலத்தில் அது ஒரு குடும்பத்தின் சொத்து முழுவதையும் விழுங்கக்கூடிய தொகை. அதைக் கட்டமுடியாமல் எத்தனையோ அச்சுக்கூடங்கள் தோன்றாமலே போயின. இவ்வளவு பெரிய துயரம் ஒரு வசனத்திலாவது வரவேண்டாமா? இரண்டாவது, ஆசிரியன் எழுதிய தாளுக்கும் வாசகன் கையிலுள்ள பத்திரிகைக்கும் இடையே உழைத்தவர்களுக்கு முகம் கொடுக்கிறதா? மூன்றாவது, படிப்பவன் அதில் இருக்கிறானா? படிப்பவனின்றிப் பத்திரிகை இல்லை. ‘இந்தியா’ புதுச்சேரியில் நின்றுபோனதற்குக் காரணம் எழுதுவதற்கு ஆள் இல்லாமையன்று, படிப்பவனிடம் போய்ச்சேர வழி அடைபட்டமையே என்பதை மறக்கலாகாது.

இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தரும் படம், சாயம் போன திரைச்சீலையின்முன் கூரைக் கொட்டகையில் நடிக்கப்பட்டாலும் சரித்திரத்தை நமக்குத் தந்துவிடும். தராத படம் எத்தனை கோடி செலவழித்து எடுக்கப்பட்டாலும் ஒரு நல்ல காலண்டர்ப் படத்துக்கு மேல் உயராது. காலண்டர்ப் படத்தை நான் இழித்துச் சொல்லவில்லை. அதை அச்சிட்ட கைகளை அறிந்தவர்கள் இழித்துச் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் காலண்டர் ஓராண்டுக்கு உரியது. சரித்திரம் பல தலைமுறைக்கு உரியது. சீனிவாசனின் ஐந்தாண்டுகளை எழுதவல்ல நாடகாசிரியன் ஒருவன் தமிழில் தோன்றவேண்டும். அவனுக்கு வேண்டிய பொருள் அக்கால நீதிமன்ற ஏடுகளிலும் பழைய இதழ்களிலும் கிடக்கிறது. அச்சுக்கோத்த முதியவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்பொழுதே கேட்டு எழுதிக்கொள்வது, பத்திரிகையால் விழிப்படைந்த இந்தச் சீமை பத்திரிகைக்குச் செய்யவேண்டிய கைம்மாறு.